சொந்தக்காரர் அல்லாத வழிகாட்டி தேவை

2023 ஆகஸ்ட் 21-ஆம் தேதி நிலவரப்படி, கிழக்குக் கென்டக்கி மலைகளில் உள்ள கார்வர் கவுண்டி என்ற சிறு மாவட்டத்தில் மருந்துச்சீட்டு எழுதும் உரிமை பெற்றவர் ஒருவர்தான் இருந்தார். பெயர் வோண்டா பிரேட்டர். வயது அறுபத்தேழு. முழங்கால் வலியால் ஆண்டு இறுதியோடு ஓய்வு பெறுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்.

வோண்டா டாக்டர் அல்ல, நர்ஸ் ப்ராக்டிஷனர். நர்ஸாக இருந்து, மேற்படிப்புப் படித்து, தேர்வெழுதி, நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்தெழுதும் தகுதி பெற்றவர். கவுண்டியின் கடைசி டாக்டரும் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் காணாமல் போனார்கள். யார் முதலில் போனது என்பதில், வோண்டாவின் கிளினிக் இருந்த ஹிக்கரி கேப் ஊர்க்காரர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அதற்குப் பிறகு காய்ச்சல், சர்க்கரை, கர்ப்பம், முறிந்த விரல் எல்லாமே வோண்டாவிடம்தான் வந்தன.

கிளினிக்கை நடத்தியது லெக்சிங்டன் நகரத்தில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருந்த ஒரு மருத்துவக் குழுமம். நவம்பர் முடிவதற்குள் வோண்டாவின் இடத்துக்கு ஆள் உறுதியானால் கிளினிக் நடக்கும், இல்லாவிட்டால் சேவைகள் ஒருங்கிணைக்கப்படும் என்று அவர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பது என்றால் பூட்டுவது என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியையும் தபால் நிலையத்தையும் இதே சொல்லை வைத்துத்தான் பூட்டினார்கள்.

அந்த இடத்துக்கு வரக்கூடியவள் என்று கவுண்டியில் இருந்தது லடோனா ஸ்டில்ட்னர் மட்டும். நாற்பது தாண்டியவள், பக்கத்துக் கவுண்டியான மார்லோவின் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பருவம் பாக்கி. டிசம்பரில் பட்டம் நிச்சயம் என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தால் வேலை அவளுக்கு என்று குழுமம் சொல்லியிருந்தது.

பல்கலைக்கழகம் மேற்கே ஒரு பாலைவன நகரத்தில் இருந்தது. லடோனா அதைப் பார்த்ததில்லை. கூடப் படித்தவர்களும் பார்த்ததில்லை. அப்படி ஒரு கட்டடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று சிலருக்குச் சந்தேகம்கூட இருந்தது. வாரந்தோறும் ஒரு கேள்வி வரும். புதன்கிழமைக்குள் பதிலைப் பதிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு இரண்டு பேருடைய பதிவைப் பாராட்ட வேண்டும். "உங்கள் பதிவு என்னைச் சிந்திக்க வைத்தது" என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. இந்த வகையில் லடோனா ஏராளமான பேரைச் சிந்திக்க வைத்தாள், தானும் சிந்திக்க வைக்கப்பட்டாள். மாரடைப்பு பற்றி அவள் எழுதிய கட்டுரையில் மருத்துவம் சரியாக இருந்தது. மேற்கோள் பட்டியலில் ஒரு தலைப்பைச் சாய்வெழுத்தில் போடாததால் மதிப்பெண் குறைந்தது. மருந்தியல் பாடம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சிக்கல் நேரடிப் பயிற்சியில் வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் மாணவி ஒரு கிளினிக்கில், தகுதி பெற்ற ஒருவரின் கண்பார்வையில் நோயாளிகளைப் பரிசோதிக்க வேண்டும். அந்த ஒருவருக்கு வழிகாட்டி என்று பெயர். வழிகாட்டியை மாணவியே தேடிக்கொள்ள வேண்டும். கட்டணம் வாங்குவது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு, கற்றுக்கொடுக்க ஆள் பிடிப்பது மாணவியின் பொறுப்பு. தையல் வகுப்பில் சேர்ந்தவளை, டீச்சரையும் வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு வா என்பதுபோல. இதற்காகப் பல்கலைக்கழகம் ஒரு கையேடு வைத்திருந்தது. தொலைபேசியில் புன்னகையோடு பேசவும் என்று அதில் இருந்தது.

லடோனா கோடை முழுவதும் புன்னகையோடு பேசினாள். பிறகு ஆப்பிள் பை என்ற இனிப்புப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு நேரில் போனாள். சுற்றியுள்ள கவுண்டிகளில் வரவேற்பு மேசைப் பெண்கள் எல்லோரும் அவளுடைய பையைச் சாப்பிட்டார்கள். டாக்டர் பரிசீலிப்பார் என்றார்கள். ஒருவர் தன் வக்கீல் அனுமதிக்கவில்லை என்றார். ஒருவர் அடுத்த இரண்டு ஆண்டுக்கும் தன் மருமகளுக்கே இடம் என்றார். ஒரு டாக்டர் மட்டும் திரும்பக் கூப்பிட்டார். பையில் என்ன போட்டாய், பட்டையா ஜாதிக்காயா என்று கேட்டுவிட்டு வைத்தார்.

வோண்டாவை அவள் கேட்காததற்குக் காரணம் இருந்தது. வழிகாட்டி மாணவிக்கு ரத்த வழியிலோ திருமண வழியிலோ உறவினராக இருக்கக் கூடாது என்பது விதி. வோண்டா லடோனாவின் தாய்மாமன் டெல்மரின் மனைவியாக இருந்தவர். 1994-இல் விவாகரத்து ஆனது. அதில் வீடு டெல்மருக்குப் போனது, நாய் வோண்டாவுக்கு வந்தது, குடும்பமும் வோண்டாவுக்கே வந்தது. டெல்மர் படகு விற்கும் ஒரு பெண்ணோடு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். அவருடைய அக்கா, அதாவது லடோனாவின் அம்மா, அதன் பிறகு தம்பியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதில்லை. வோண்டாவைக் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

ஆகஸ்ட் நடுவில் வோண்டாவே கூப்பிட்டார்.

"ஊரெல்லாம் பை சுட்டுக் கொடுத்தியாமே. எனக்கு ஒரு துண்டு வரலை."

"உங்களைக் கேக்க முடியாது அத்தை. சொந்தம் இருக்கக் கூடாதாம். கல்யாண சொந்தமும் கூடாதாம்."

"டெல்மரை நான் தலைமுழுகி முப்பது வருஷம் ஆகப் போகுது. ஜட்ஜு சுத்தியல் தட்டிச் சொன்னாரு. சட்டப்படி பாத்தா நீ யாரோ, நான் யாரோ."

"அப்ப உறவு இல்லைன்னு கையெழுத்துப் போட்டுடலாமா?"

"போடு. ஞாயித்துக்கிழமைக்கு பீன்ஸ் நீ செஞ்சு எடுத்துட்டு வரணும், அதை மறந்துடாத."

இருவரும் உறவினர் அல்ல என்று இருவரும் உறுதிமொழி கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் கணினி பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டது. ஆகஸ்ட் 21 அன்று லடோனா கிளினிக்கில் பயிற்சி தொடங்கினாள்.

வோண்டா வைத்தியம் பார்க்கும் முறை கையேட்டில் இல்லை. உள்ளே வருபவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி உடம்புக்கு என்ன என்பதல்ல. நீ யார் வீட்டுப் பிள்ளை என்பது. இந்த மலைகளில் மெக்கானிக் கடையிலும் சவ அடக்கத்திலும்கூட அதுதான் முதல் கேள்வி. பதில் தெரியாமல் அடுத்த பேச்சு நகராது. வோண்டா அதிலிருந்தே பாதி நோயைப் பிடித்துவிடுவார். உங்க அப்பா பக்கம் எல்லாருக்கும் சர்க்கரை, உங்க சின்னம்மாவுக்குத் தைராய்டு, நீ எதுக்கு வந்திருக்கேன்னு சொல்லட்டுமா என்பார். பல்கலைக்கழகத்தில் இதற்குக் குடும்ப வரலாறு என்று பெயர். மூன்று தலைமுறைக்குக் கட்டம் போட்டு வரைந்தால் தனி மதிப்பெண். லடோனா அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் உள்ளூர்ப் பண்பாட்டை மதித்ததற்குப் பாராட்டும் வாங்கியிருந்தாள்.

இந்த முறை சறுக்கியதும் உண்டு. எப்போதும் சோர்வாக இருக்கிறது என்று வந்த ஒரு பெண்ணுக்கு, அவளுடைய அம்மா வழியில் எல்லோருக்கும் தைராய்டு என்பதை வைத்தே வோண்டா முடிவு கட்டிவிட்டார். அந்தப் பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. லடோனா ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். வெறும் ரத்தசோகை. வோண்டா முடிவைப் படித்துவிட்டு, தத்தெடுத்ததை ஒரு வார்த்தை சொல்லாத குடும்பத்தைத்தான் வெகுநேரம் திட்டிக்கொண்டிருந்தார். லடோனாவிடம், சரியாகச் செய்தாய், ஆனால் நீ ஒரு நோயாளியைப் பார்ப்பதற்குள் வெளியே இன்னொருவர் செத்துவிடுவார் என்றார். மாத மதிப்பீட்டிலும் அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதினார்.

அக்டோபரில் பேராசிரியர் வருகை. வருகை என்றால் திரையில். டாக்டர் மெரிடித் ஹால்வர்சன் நர்ஸுகளின் பணிச்சோர்வு பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அந்த ஆராய்ச்சியிலிருந்து அவர் இன்னும் மீளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. லடோனா ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதை அவர் நேரடியாகப் பார்க்க வேண்டும். அதில் தேறினால், டிசம்பரில் பட்டம் என்று குழுமத்துக்கு அவரே எழுதிக் கொடுப்பார்.

முந்தைய வாரமே வோண்டாவும் லடோனாவும் ஒத்திகை பார்த்தார்கள். அத்தை கிடையாது, மிஸஸ் பிரேட்டர். கண்ணு கிடையாது, மிஸ் ஸ்டில்ட்னர். நோயாளி கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி கணினிக்குள் உட்கார்ந்து பார்க்கச் சட்டையைக் கழற்றுவதா என்று ஆள் ஆளுக்கு மறுத்தார்கள். கடைசியில் எல்பர்ட் சிஸ்க் ஒத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி, லடோனாவின் அம்மாவுக்குப் பக்கத்து வீடு. நிலக்கரித் தூசி அடைத்த நுரையீரல். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். அப்படியும் ஊரில் அவரைவிட அதிகம் பேசுகிறவர் இல்லை.

மடிக்கணினியைக் குழந்தைகளை எடை போடும் தராசின் மேல் வைத்தார்கள். உயரம் அதில்தான் சரியாக வந்தது. மெரிடித் திரையில் தோன்றி வணக்கம் சொன்னார்.

"நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்றார் வோண்டா. ஒத்திகையில் இது இல்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

மெரிடித்துக்குக் கேள்வி பிடிபடவில்லை. தான் மின்னசோட்டாவில் பிறந்ததாகவும், அப்பா காப்பீட்டுக் கம்பெனியில் இருந்ததாகவும், அங்கே இப்போது யாரும் இல்லை என்றும் சொன்னார். வோண்டா அநாதையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பரிசோதனை நன்றாகப் போனது. லடோனா எல்பர்ட்டின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பொறுமையாகக் கேட்டாள். சாக்ஸை இறக்கி, கணுக்காலில் விரலை அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது. கழுத்து நரம்பைப் பார்த்தாள். நுரையீரலின் சுமை இப்போது இதயத்தின் வலப்பக்கத்தில் ஏறுகிறது, இந்த மாத்திரையை மாற்ற வேண்டும், இந்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னாள். இந்தப் பருவத்தில் தான் பார்த்ததிலேயே சிறந்த பரிசோதனை என்றார் மெரிடித். கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார்.

மீதி இருந்தது ஒரு சம்பிரதாயக் கேள்வி. மாணவி ஒருவர் தன்னைப் பரிசோதிப்பதற்கு எல்பர்ட்டுக்கு முழுச் சம்மதமா, யாராவது வற்புறுத்தினார்களா என்று மெரிடித் கேட்டார்.

"சம்மதமான்னு கேக்குறீங்களா," என்று எல்பர்ட் மூச்சு வாங்கினார். "வேத்து ஆளா இருந்தா ஒரு பட்டனைக்கூட கழட்டியிருக்க மாட்டேன் மேடம். போன வருஷம் லெக்சிங்டன்லேர்ந்து ஒரு பையன் வந்தான், பெரிய மெஷினோட. எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டேன். இது அப்படி இல்லை. இது வோண்டாவோட நாத்தனார் பொண்ணு."

"எல்பர்ட், நீ மூச்சை மட்டும் விடு," என்றார் வோண்டா.

எல்பர்ட் விடவில்லை. நல்ல சான்றிதழ் கொடுக்கிறோம், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்போம் என்று அவர் நினைத்தார். டெல்மர் ஓடிப்போனாலும் அந்தக் குடும்பம் வோண்டாவை விட்டுக்கொடுத்ததில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள் என்றும், பக்கத்து வீடு என்பதால் தன் கண்ணாலேயே பார்த்திருப்பதாகவும் அவர் திரையைப் பார்த்து விளக்கினார். சந்தேகம் இருந்தால் காத்திருப்பு அறையில் இருப்பவர்களைக் கேட்கலாம் என்றார். கதவு பாதி திறந்திருந்தது. ஆமாம் என்று அங்கிருந்து யாரோ சொன்னார்கள்.

மெரிடித்தின் முகத்தில் பழைய சோர்வு திரும்ப வந்தது.

"லடோனா, நான் இதைக் கேட்டுத்தான் ஆகணும். மிஸஸ் பிரேட்டர் உங்க உறவினரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பொய்யும் அல்ல, நீதிபதி சொன்னதுதான். வோண்டா எல்பர்ட்டின் தோளுக்குப் பின்னால் நின்று, சொல் சொல் என்று தலையை ஆட்டினார். எல்பர்ட் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் என்ன கேள்வி இருக்கிறது என்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் ஒருவரை முகத்துக்கு நேராக எனக்குச் சொந்தமில்லை என்று சொல்வது கோர்ட்டில் மட்டும்தான் நடக்கும், அதுவும் நிலத்தகராறில்.

"சட்டப்படி இல்லை," என்றாள் லடோனா.

"சட்டத்தை விடுங்க."

"என் அத்தை."

திரை அணைந்த பிறகு வோண்டா மடிக்கணினியைத் தராசிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"அரை நிமிஷம் பொய் சொல்ல உனக்கு வாய் வரலை, இல்ல?"

"வரலை."

"அப்படியே உங்க அம்மா," என்றார் வோண்டா. அது பாராட்டா திட்டா என்று அவர் சொல்லவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

எல்பர்ட்டுக்கு விஷயம் மறுநாள்தான் புரிந்தது. அவர் லடோனாவின் அம்மா வீட்டு வாசலில் ஒரு பெட்டி தக்காளியை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விட்டார்.

பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கல்வி நேர்மை என்ற சொல் அதில் பத்திக்குப் பத்தி இருந்தது, கடைசிப் பத்தியில் அவளைப் படிப்பிலிருந்து நீக்குவதாகவும் இருந்தது. லடோனாவின் மேல்முறையீட்டைத் திரையில் மூன்று பேர் விசாரித்தார்கள். உறவினர் வழிகாட்டியாக இருந்தால் மதிப்பீடு நடுநிலையாக இருக்காது என்பதுதான் விதியின் நோக்கம் என்று தலைவர் விளக்கினார். வோண்டாவின் மதிப்பீடுகள் அவர் கையில் இருந்தன. பரவாயில்லை, வேகம் போதாது, குறிப்பு நீளமாக எழுதுகிறாள், இன்னும் தேற வேண்டும். அந்தப் பருவத்தில் எந்த மாணவிக்கும் இவ்வளவு குறைந்த மதிப்பெண் வரவில்லை. முன்பின் தெரியாத வழிகாட்டிகள் எல்லோரும் நடுநிலையோடு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். சொந்தக்காரியை வேறு எப்படி மதிப்பிடுவது, வெளியே நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வோண்டா குழுவுக்கு எழுதிய விளக்கம் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

கவுண்டியில் மருந்தெழுதும் வேறு யாராவது இருக்கிறார்களா என்று குழுவில் ஒரு பெண் கேட்டார். இல்லை என்றாள் லடோனா. இருந்தாலும் அவர் எனக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தமாகத்தான் இருப்பார் என்றும் சொன்னாள். தொழில்முறைத் தொடர்புகளை விரிவாக்கிக்கொள்ளும்படி அந்தப் பெண் அறிவுரை சொன்னார்.

குழு கருணை காட்டியது. அவளை நீக்கவில்லை. அந்தப் பருவத்துப் பயிற்சி செல்லாது. வசந்த காலத்தில் உறவினர் அல்லாத வழிகாட்டியிடம் மறுபடி செய்யலாம். அப்படி ஒருவரைப் பல்கலைக்கழகமே, அதன் சரித்திரத்தில் முதல் தடவையாக, தேடிக் கொடுத்தது. லெக்சிங்டனில் ஒரு நலவாழ்வு மற்றும் தோற்றப்பொலிவு மையம்.

நவம்பரில் உறுதிக் கடிதம் போகவில்லை. முழங்கால் என்ன ஆனாலும் சரி, கோடை வரை வேலை பார்க்கிறேன், அதற்குள் லடோனா வந்துவிடுவாள் என்று வோண்டா குழுமத்துக்கு எழுதினார். அவருடைய நீண்டகாலச் சேவைக்கு நன்றி சொல்லி, திட்டமிடல் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. வோண்டா தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் பேசியதை எதிர்முனையில் இருந்த பெண் குறித்துக்கொள்ள மறுத்துவிட்டார். 2023 டிசம்பர் 29, வெள்ளிக்கிழமையன்று கிளினிக் கடைசியாகத் திறந்திருந்தது.

ஜனவரி முதல் மே வரை லடோனா அதிகாலையில் மலையிறங்கி லெக்சிங்டனுக்குப் போய்வந்தாள். அங்கே அவள் நெற்றிச் சுருக்கங்களில் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். குடும்பநலப் பயிற்சிதானா இது என்று சந்தேகம் வந்தபோது பல்கலைக்கழகத்தைக் கேட்டாள். தாயும் மகளும் சேர்ந்து வருவதுண்டு என்பதால் ஏற்கலாம் என்று பதில் வந்தது. வழிகாட்டி இனிமையானவர். லடோனா யார் வீட்டுப் பெண் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஏப்ரல் வரை அவளை லவோனா என்றே கூப்பிட்டார். மதிப்பீட்டில் எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டார்.

லடோனா 2024 மே மாதம் பட்டம் பெற்றாள். ஜூலையில் உரிமத் தேர்வில் தேறினாள். ஹிக்கரி கேப் கட்டடத்தைக் குழுமம் அதற்குள் விற்றிருந்தது. அவள் மார்லோ மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். எல்பர்ட் சிஸ்க் மாதம் ஒரு முறை அங்கே வருகிறார். போக ஒரு மணி நேரம் ஆகிறது. வோண்டாதான் கார் ஓட்டுகிறார்.